காம்பொனென்ட் டேட்டாபேஸ் தகராறு செய்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

பல புராஜெக்ட்களுக்குப் பொதுவான லைப்ரரிகளை ஒரே இடத்தில் சேர்த்து, எது எங்கே இருக்கிறது, எந்த வெர்ஷன், யார் பயன்படுத்துகிறார்கள் என்பதை ஒரு டேட்டாபேஸில் குறித்துவைக்கும் ஏற்பாடு நிறைய டீம்களில் உண்டு. ஐம்பது அறுபது காம்பொனென்ட் இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடும். எண்ணிக்கை ஏற ஏற, வினோதமான புகார்கள் வர ஆரம்பிக்கும். அப்படி அடிக்கடி வரும் புகார்களை, அவை காதில் விழும் வடிவத்திலேயே தலைப்பாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எங்கே பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது என்று எழுதியிருக்கிறேன். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள்தான் அடிப்படை, மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் மாறுபடும் இடங்களில் சொல்லிவிடுகிறேன்.

உங்களிடம் நான்கு டேபிள்கள் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். காம்பொனென்ட்: பெயர், பொறுப்பாளர். வெளியீடு: எந்த வெர்ஷன், எந்தக் கோப்பு, அதன் ஹேஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறி). சார்பு: எந்த வெளியீட்டுக்கு எது தேவை. பில்ட்: எந்தப் புராடக்ட் உண்மையில் எதை எடுத்துக்கொண்டது. பெயர்கள் வேறாக இருந்தாலும் விஷயம் ஒன்றுதான்.

இந்த டேபிள்களுக்குள் இரண்டு வகைத் தகவல் கலந்து கிடக்கும். "இந்தப் பெயரில், இந்த வெர்ஷனாக, இந்தக் கோப்பு இன்ன நாளில் வெளியானது" என்பது நடந்து முடிந்த செய்தி; எழுதிய பிறகு மாறவே கூடாது. "இதை இன்னும் பயன்படுத்தலாமா, இதற்கு யார் பொறுப்பு" என்பது நம் அபிப்பிராயம், நாளைக்கே மாறலாம். இரண்டையும் ஒரே டேபிளில் போட்டு, ஒரே அப்டேட் அனுமதியும் கொடுத்துவிட்டால், கீழே வரும் தகராறுகளில் பாதி அங்கேயே முளைக்கும். எந்த அறிகுறி வந்தாலும் முதலில் கேளுங்கள்: மாறியிருப்பது எந்த வகை?

கை வைப்பதற்கு முன் ஒரு டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்) எடுத்துவிடுங்கள். திருத்தத்தை டிரான்சாக்‌ஷனுக்குள் ஓட்டி, எத்தனை பதிவுகள் மாறின என்று பார்த்த பிறகே கமிட் செய்து நிரந்தரமாக்குங்கள். போஸ்ட்கிரெஸில் டேபிளின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிளையும் இப்படி ரோல்பேக் செய்து பழையபடி ஆக்கலாம். மைஎஸ்கியூஎல்லில் முடியாது: ஆல்டர் கொடுத்த உடனே அதுவரை செய்ததெல்லாம் தானாகக் கமிட் ஆகிவிடும்.

"1.10 வந்துவிட்டது, ஆனால் புதியது 1.9 என்றே காட்டுகிறது"

வெர்ஷனை டெக்ஸ்ட்டாக வைத்து அதன்மேலேயே ஆர்டர் பை போட்டிருக்கிறீர்கள். எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால் 1 என்ற எழுத்து 9-க்கு முன்னால் வரும், அதனால் 1.10 பழையதாகிவிடும். ஒரே காம்பொனென்ட்டின் எல்லா வெர்ஷன்களையும் அதே குவெரியின் வரிசையில் எடுத்துப் பாருங்கள். 1.1, 1.10, 1.11, 1.2 என்று வந்தால் இதுதான் நோய்.

புலத்தின் வகை ஃப்ளோட்டாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 1.10 உள்ளே போகும்போதே 1.1 ஆகிவிடும். தொலைந்த பூஜ்ஜியத்தை டேபிளிலிருந்து மீட்க வழியில்லை. கோப்பின் பெயரிலிருந்தோ அதற்குள் இருக்கும் மானிஃபெஸ்ட்டிலிருந்தோதான் திரும்ப எடுக்க வேண்டும்.

வெர்ஷன் டெக்ஸ்ட்டை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் வரிசைப்படுத்துவதற்கென்றே தனிப் புலம் சேருங்கள். மேஜர், மைனர், பேட்ச் மூன்றையும் ஒரு இன்டீஜர் அரேயாக வைத்தால் போதும்; போஸ்ட்கிரெஸ் அரேயை உறுப்பு உறுப்பாகத்தான் ஒப்பிடும். அடுத்து முன்வெளியீடுகள், அதாவது இறுதி வெளியீட்டுக்கு முன் சோதனைக்கு விடுபவை. செமாண்டிக் வெர்ஷனிங் விதிப்படி 2.0.0-ஆர்சி.1 என்பது 2.0.0-ஐவிடக் கீழே. முன்வெளியீட்டுப் பகுதியைத் தனிப் புலமாக்கி, இறுதி வெளியீட்டுக்கு அதை நல் (மதிப்பே இல்லாத வெறுமை) ஆக விட்டால், போஸ்ட்கிரெஸ் ஏறுவரிசையில் நல்லைக் கடைசியில் வைப்பதால் சரியான விடை தானாகவே வரும். மைஎஸ்கியூஎல்லும் எஸ்கியூலைட்டும் நல்லை முதலில் வைக்கும். அங்கே இறுதி வெளியீடா இல்லையா என்று சொல்லும் பூலியன் ஒன்று கூடுதலாகத் தேவைப்படும். முன்வெளியீட்டுப் பகுதிக்குள்ளும் எண்ணை எண்ணாகத்தான் ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் ஆர்சி.10 வரும் நாளில் இதே புகார் திரும்ப வரும்.

எல்லா மொழிகளின் வெர்ஷன்களையும் ஒரே விதிக்குள் அடக்கலாம் என்று ரெஜெக்ஸ் எழுத உட்காராதீர்கள். ஜாவாவின் மேவன் விதி வேறு, பைத்தான் விதி வேறு. டெபியன் லினக்ஸில் முன்னால் எபோக் என்று ஒரு எண் வரலாம். டில்டே குறி வந்தால் அது வெறுமைக்கும் முன்னால் வரிசைப்படும். எந்த விதி பொருந்தும் என்று சொல்லும் ஒரு புலத்தை வைத்து, பதிவு நுழையும்போதே அந்தந்தச் சூழலின் சொந்த லைப்ரரியைக் கொண்டு வரிசைக் குறியைக் கணக்கிட்டு எழுதிவிடுங்கள்.

"வெளியான தேதியை வைத்து வரிசைப்படுத்தினால் முடிந்ததே" என்று யாராவது சொல்வார்கள். 2.3.0 வந்த பிறகு பழைய கிளைக்கு 1.9.8 என்று ஒரு பாதுகாப்புத் திருத்தம் வரும்வரைதான் அது சரி.

"ஒரே லைப்ரரி இரண்டு மூன்று தடவை வருகிறது"

பெரும்பாலும் பெயர் சமாசாரம். பைத்தான் உலகில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது. ஹைஃபன், அண்டர்ஸ்கோர், புள்ளி மூன்றும் ஒன்றுதான். உங்கள் டேபிளுக்கு அது தெரியாது. காட்டுவதற்கு ஒரு பெயர், ஒப்பிடுவதற்கு விதிப்படி சீராக்கிய பெயர் என்று இரண்டு புலம் வையுங்கள். ஒரே மதிப்பு இரண்டு தடவை வரக் கூடாது என்ற யூனிக் கட்டுப்பாடு இரண்டாவதன்மேல் இருக்கட்டும். மேவன் பெயர்களில் பெரிய, சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு. ஆனால் மைஎஸ்கியூஎல் 8-இன் இயல்பான கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) அதைப் பார்க்காது. அங்கே இரண்டு வேறு பெயர்கள் ஒன்றாகி, இதற்கு நேர் எதிரான தொல்லை வரும். அந்தப் புலத்துக்கு மட்டும் பைனரி கொலேஷன் கொடுங்கள்.

யூனிக் போட்டிருந்தும் இரட்டைப் பதிவு வந்தால், அந்தக் கட்டுப்பாட்டில் நல் ஆகக்கூடிய புலம் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாக் காம்பொனென்ட்டுக்கும் குழுப்பெயர் இருக்காது. அதை நல்லாக விட்டிருப்பீர்கள். எஸ்கியூஎல் கணக்கில் ஒரு நல் இன்னொரு நல்லுக்குச் சமமில்லை. ஆகவே யூனிக் வாயை மூடிக்கொண்டு அனுமதித்துவிடும். வெற்று டெக்ஸ்ட்டை இயல்பு மதிப்பாக்கி நாட் நல் போட்டால் தீர்ந்தது. போஸ்ட்கிரெஸ் 15 முதல் நல்களைச் சமமாகப் பார் என்று கட்டுப்பாட்டிலேயே சொல்லலாம்.

ஏற்கெனவே சேர்ந்துபோன இரட்டைகளை டெலிட் செய்யாதீர்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதன் வெளியீடுகளை அதற்கு மாற்றி, பழைய பெயரை மாற்றுப்பெயர் டேபிளில் எழுதுங்கள். யாரோ ஒருவருடைய கான்ஃபிக் கோப்பில் அந்தப் பெயர் இன்னமும் இருக்கும்.

"வெர்ஷன் அதேதான், நேற்று பில்ட் ஆனது, இன்று ஆகவில்லை"

வெர்ஷன் எண் அதுவேதான், உள்ளே இருக்கும் கோப்பு வேறு. யாரோ சின்னத் திருத்தம் செய்து, எண்ணை ஏற்றாமல் திரும்பப் பதிவேற்றியிருக்கிறார்கள். இதை ஊகிக்கத் தேவையில்லை. எஸ்எச்ஏ-256 ஹேஷ் மூன்றை வைத்து யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம். டேபிளில் எழுதியிருப்பது ஒன்று, சேமிப்பிடத்தில் இருக்கும் கோப்புக்கு இப்போது கணக்கிட்டது ஒன்று, பில்ட் உடைந்த மெஷினின் கேஷில் (முன்பு இறக்கிவைத்த நகல்) இருப்பது ஒன்று.

டேபிளும் சேமிப்பிடமும் ஒத்து, கேஷ் மட்டும் வேறாக இருந்தால் கேஷை அழித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். டேபிளும் கேஷும் ஒத்து, சேமிப்பிடம் வேறாக இருந்தால் கோப்பை மேலெழுதியிருக்கிறார்கள். பழைய கோப்பு அந்தக் கேஷில் பத்திரமாக இருக்கிறது, அதை அழிப்பதற்கு முன் எடுத்துக்கொள்ளுங்கள். உடைந்த மெஷினின் கேஷை உடனே சுத்தம் செய்யும் பழக்கம் இருப்பவர்கள் கடைசிச் சாட்சியைத் தாங்களே அழித்துவிடுகிறார்கள். சேமிப்பிடமும் கேஷும் ஒத்து, டேபிள் மட்டும் வேறாக இருந்தால், ஹேஷைத் தவறான கட்டத்தில் கணக்கிட்டிருக்கலாம். கோப்பில் டிஜிட்டல் கையொப்பம் இடுவதற்கு முன்பே கணக்கிடுவது இதில் சாதாரணம். மூன்றும் மூன்று மாதிரி இருந்தால், ஒன்றுக்கு மேற்பட்ட தடவை மேலெழுதப்பட்டிருக்கிறது. அந்த வெர்ஷனையே நம்பாதீர்கள், புது எண்ணில் வெளியிடுங்கள்.

நிரந்தரத் தீர்வு அனுமதியில் இருக்கிறது. வெளியீடு டேபிளுக்கு அப்ளிகேஷன் யூசரிடமிருந்து அப்டேட், டெலிட் இரண்டையும் பிடுங்கிவிடுங்கள். இன்செர்ட்டும் செலெக்ட்டும் போதும். நிலை, குறிப்பு, பொறுப்பாளர் போன்ற மாறும் சங்கதிகள் வேறு டேபிளுக்குப் போகட்டும். வெர்ஷனை மேலெழுதக் கூடாது என்று விக்கியில் எழுதிவைத்து யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பர்மிஷன் டினைடு என்று வந்தால் எல்லோரும் கேட்கிறார்கள்.

மேவனின் ஸ்னாப்ஷாட் (இன்னும் வேலை நடக்கும் வெர்ஷன்) மட்டும் விதிவிலக்கு. அது மாறுவதற்கென்றே இருப்பது. அதை வெளியீடு டேபிளுக்குள்ளேயே விடாதீர்கள்.

"பழைய வெர்ஷனை அழித்தோம், எங்கெங்கோ பில்ட் உடைகிறது"

2016 மார்ச் 22 அன்று ஜாவாஸ்கிரிப்ட்டின் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து லெஃப்ட்-பேட் என்ற பேக்கேஜை அதை எழுதியவரே நீக்கினார். மொத்தமே 11 வரி. டெக்ஸ்ட்டின் இடப்பக்கத்தை நிரப்பும் வேலை. பேபல் போன்ற பரவலான டூல்கள் அதைச் சார்ந்திருந்ததால் உலகம் முழுக்க பில்டுகள் நின்றன. கடைசியில் என்பிஎம் அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது. அப்புறம் நீக்கும் விதிகளையும் இறுக்கினார்கள்.

உங்கள் டேபிளில் முதலில் பார்க்க வேண்டியது சார்பு டேபிளை வெளியீட்டோடு இணைக்கும் ஃபாரின் கீ. ஆன் டெலிட் கேஸ்கேட் என்று இருந்தால், வெளியீட்டை அழித்தபோது அதைச் சார்ந்தவர்கள் யார் என்ற தகவலும் சேர்ந்து போயிருக்கும். யாரெல்லாம் பாதிக்கப்பட்டார்கள் என்று கேட்க இப்போது டேபிளில் எதுவும் இல்லை, டம்ப்தான் கதி. சார்ந்தவர் இருந்தால் அழிக்கவிடாத ரெஸ்ட்ரிக்ட் ஆக அதை மாற்றுங்கள்.

எஸ்கியூலைட்டில் ரெஸ்ட்ரிக்ட் என்று எழுதியிருந்தும் டெலிட் நடந்துவிட்டதா? அங்கே ஃபாரின் கீ சோதனை இயல்பாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் பிராக்மா கொடுத்து இயக்க வேண்டும். கையால் கமாண்ட் லைனில் திறந்து அழித்த ஒருவருக்கு அந்தச் சோதனை ஓடியே இருக்காது.

அழிப்பதற்குப் பதில் ரஸ்ட்டின் கார்கோ செய்வதைச் செய்யுங்கள். அங்கே யாங்க் செய்த, அதாவது விலக்கிவைத்த வெர்ஷனைப் புதிதாக யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால் லாக் கோப்பில் (தேர்ந்த வெர்ஷன்களைப் பூட்டிவைக்கும் கோப்பு) ஏற்கெனவே எழுதிவைத்தவர்களுக்குத் தொடர்ந்து கிடைக்கும். உங்களுக்கு அது நிலை டேபிளில் ஒரு பதிவு, அவ்வளவுதான்.

"இதை யாரெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டால் குவெரி முடியவே இல்லை"

இந்தக் கேள்விக்காகத்தான் டேட்டாபேஸே வைத்தோம். ஆனால் இங்கேதான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். சார்பு சங்கிலியாகப் போகும். அதனால் ஒவ்வொரு கண்ணியாகத் தொடர்ந்து போகும் வித் ரிகர்சிவ் குவெரி எழுதியிருப்பீர்கள். அது முடியாமல் ஓட மூன்று காரணங்கள் உண்டு. மூன்றும் ஒரே நேரத்திலும் இருக்கலாம்.

எளிதானதிலிருந்து வருவோம். குவெரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் போட்டுப் பாருங்கள். சார்பு டேபிளில் ஒவ்வொரு சுற்றிலும் சீக்வென்ஷியல் ஸ்கேன் (டேபிளை முழுக்கப் படிப்பது) தெரிந்தால் இண்டெக்ஸ் இல்லை. "பிரைமரி கீ இருக்கிறதே" என்பீர்கள். அது சார்ந்திருப்பவர், சார்பு என்ற வரிசையில் இருக்கும். நாம் தேடுவது சார்பிலிருந்து சார்ந்திருப்பவருக்கு, தலைகீழாக. போஸ்ட்கிரெஸ் ஃபாரின் கீக்குத் தானாக இண்டெக்ஸ் போடாது. சார்பு புலத்தின்மேல் தனி இண்டெக்ஸ் ஒன்று போட்டால் நிமிடக்கணக்கு நொடிக்கு இறங்குவதைப் பார்க்கலாம்.

அடுத்தது சுழல். அ-வுக்கு ஆ வேண்டும், ஆ-வுக்குச் சோதனை ஓட்ட அ வேண்டும். இருக்கவே கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் இருக்கும். குவெரியின் சுற்றுகளை யூனியன் ஆல் போட்டு இணைத்திருந்தால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். வெறும் யூனியன் ஆக மாற்றினால் ஏற்கெனவே வந்த பதிவை ஒதுக்கிவிடும், நின்றுவிடும். ஆனால் குவெரியில் ஆழம் அல்லது பாதை என்று ஒரு புலம் கூட வைத்திருந்தால் அந்த வித்தை பலிக்காது: ஒவ்வொரு சுற்றிலும் ஆழம் மாறுவதால் எல்லாப் பதிவும் புதிதாகவே தெரியும். யூனியன் ஆக மாற்றியும் நிற்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டியிருக்கிறார்கள். பாதையை அரேயாகச் சேர்த்துக்கொண்டே போய், புதியது அதில் ஏற்கெனவே இருந்தால் நிறுத்துங்கள். போஸ்ட்கிரெஸ் 14 முதல் இதற்கென்றே சைக்கிள் என்ற பிரிவு இருக்கிறது.

மூன்றாவது, சுழலே இல்லாமல் வரும் பெருக்கம். ஒரு அடிப்படை லைப்ரரியை மூன்று பேர் சார்ந்திருக்க, அந்த மூவரையும் இன்னும் நான்கு பேர் சார்ந்திருக்க, யூனியன் ஆல் ஒவ்வொரு வழியையும் தனித்தனியாக எண்ணும். பத்து அடுக்கு போனால் பதிவுகள் லட்சக்கணக்கில் பெருகும். சைக்கிள் பிரிவும் இதைத் தடுக்காது, ஏனென்றால் இது சுழல் இல்லை. யார் யார் என்பது மட்டும் போதுமென்றால் ஆழத்தையும் பாதையையும் விட்டுவிட்டு வெறும் யூனியன். பாதை அவசியமென்றால், முதலில் ஆட்களைக் கண்டுபிடித்து, ஒரு குறிப்பிட்ட புராடக்ட்டுக்கு மட்டும் பாதையைத் தனியாகக் கேளுங்கள்.

"டேட்டாபேஸ் இல்லை என்கிறது, ஆனால் சர்வரில் ஓடிக்கொண்டிருக்கிறது"

2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது பல இடங்களில் நடந்தது இதுதான். அதன் அடையாள எண் சிவிஇ-2021-44228. பாதிக்கப்பட்டது லாக்4ஜே-கோர் ஜார் (ஜாவா லைப்ரரி வரும் கோப்பு). குவெரி போட்டால் நாலு புராடக்ட் வருகிறது; சர்வர்களைத் துழாவினால் அதைவிட அதிகம் கிடைக்கிறது.

காரணம், சார்பு டேபிளில் இருப்பது அறிவிப்பு மட்டும். "எனக்கு 2.10 அல்லது அதற்கு மேல் வேண்டும்" என்று காம்பொனென்ட் சொன்னது அங்கே இருக்கிறது, பில்ட் நடந்த நேரத்தில் டூல் எதைத் தேர்ந்தெடுத்தது என்பது இல்லை. அதற்குத்தான் பில்ட் டேபிள். ஒவ்வொரு வெளியீட்டு பில்டின் முடிவிலும் லாக் கோப்பை, அல்லது டூல் தரும் முழுச் சார்புப் பட்டியலை அப்படியே உள்ளே தள்ளுங்கள். பாதுகாப்புக் கேள்விகளை அந்த டேபிளிடம்தான் கேட்க வேண்டும்.

அதிலும் சிக்காமல் போவது, இன்னொரு ஜாருக்குள் வைத்துக் கட்டியது. ஃபேட் ஜார் என்பார்கள். வெளியே பார்த்தால் வேறு பெயர், உள்ளே லாக்4ஜே. பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது. ஆர்ட்டிஃபேக்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் கோப்புகளின் ஹேஷையும் ஒரு டேபிளில் வைத்தால்தான் பிடிபடும். கட்டும்போது கிளாஸ்களின் பேக்கேஜ் பெயரையே மாற்றியிருந்தால் ஹேஷும் உதவாது. அங்கே ஸ்கேனர்தான் வேண்டும். டேட்டாபேஸால் ஆகாத வேலை அது.

திருத்திய வெர்ஷனைக் குறிக்கும்போதும் "சரியானது" என்று வெளியீட்டின்மேலேயே எழுதாதீர்கள். அந்த டிசம்பரில் 2.15.0 வந்தது, சில நாளில் 2.16.0, அதற்கு மேல் 2.17.0. ஒவ்வொரு தடவையும் முந்தைய தீர்ப்பு மாறியது. தீர்ப்பு தனி டேபிளில், தேதியோடு இருக்கட்டும்.

"தேடினால் கிடைப்பதில்லை, அதனால் நாங்களே எழுதிவிட்டோம்"

லைக் தேடலில் இரண்டு பக்கமும் சதவீதக் குறி போட்டால் சாதாரண இண்டெக்ஸ் வேலை செய்யாது. வார்த்தைகளை மும்மூன்று எழுத்தாக உடைத்துத் தேடும் ட்ரைகிராம் எக்ஸ்டென்ஷனைப் போட்டு ஜின் வகை இண்டெக்ஸ் வையுங்கள், எழுத்துப்பிழையோடு தேடினாலும் ஓரளவு பிடிக்கும். ஆனால் பெரும்பாலான இடங்களில் கோளாறு இண்டெக்ஸில் இருப்பதில்லை. விவரணைப் புலம் காலியாக இருக்கிறது, அல்லது "யூட்டிலிட்டி லைப்ரரி" என்று இருக்கிறது. எத்தனை காம்பொனென்ட்டுக்கு விவரணை இருபது எழுத்துக்குக் கீழே என்று எண்ணிப் பாருங்கள். பதில் அங்கேயே தெரியும்.

1968-இல் ஜெர்மனியின் கார்மிஷில் நடந்த நேட்டோ மாநாட்டில் டக்ளஸ் மெக்கில்ராய் மென்பொருள் காம்பொனென்ட்களைப் பற்றிப் பேசியபோது, ஒரே வேலைக்குத் துல்லியம், வேகம், உறுதி ஆகியவற்றில் வேறுபடும் பல உருப்படிகளிலிருந்து தேர்ந்தெடுக்கும் வசதி வேண்டும் என்றார். நம் கேட்டலாக்குகளில் அந்தப் புலங்கள் இன்றுவரை பெரும்பாலும் கிடையாது.

"கிடைத்தது, டெஸ்ட் எல்லாம் பச்சை, ஆனால் புது இடத்தில் தப்பாக நடக்கிறது"

1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம் ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. ஏரியான் 4-இல் நன்றாக ஓடிய திசையறி மென்பொருளை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய 64 பிட் ஃப்ளோட் மதிப்பை 16 பிட் இன்டீஜராக மாற்றும் இடத்தில், புது ராக்கெட்டின் மதிப்பு கொள்ளளவைத் தாண்டியது. மாற்று யூனிட்டிலும் அதே மென்பொருள்தான், அதுவும் அதே போல நின்றது. பழைய ராக்கெட்டின் பாதையில் அந்த மதிப்பு அவ்வளவு பெரிதாக வராது என்பது அந்தக் காம்பொனென்ட்டின் நிபந்தனை. எடுத்துப் போட்ட இடத்தில் அதை யாரும் சரிபார்க்கவில்லை.

உங்கள் டேபிளில் அப்படி ஒரு இடம் இருக்கிறதா? உள்ளீட்டின் எல்லை, ஒரே நேரத்தில் பல த்ரெட்கள் அழைக்கலாமா, எந்த டைம்ஸோன் என்று எதிர்பார்க்கிறது, அதிகபட்சக் கோப்பளவு. எல்லாவற்றையும் எந்த வடிவத்தையும் ஏற்கும் ஜேசன்பி புலத்தில் கொட்டிவிடத் தோன்றும். தேட வேண்டிய இரண்டு மூன்றைத் தனிப் புலமாக்கி நாட் நல் போடுங்கள். மீதி ஜேசனில் போகட்டும். "தெரியாது" என்பதையும் ஒரு செல்லுபடியாகும் மதிப்பாக வையுங்கள், இல்லாவிட்டால் ஆட்கள் பொய்யாக நிரப்புவார்கள்.

"ஒரே நேரத்தில் இரண்டு பில்ட் பதிவேற்றினால் ஒன்று தோற்கிறது"

எஸ்கியூலைட்டில் டேட்டாபேஸ் லாக் ஆகியிருக்கிறது என்ற பிழை வந்தால், மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும் வால் (WAL) முறைக்கு மாற்றி, காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். கோப்பு நெட்வொர்க் டிரைவில் இருந்தால் வால் முறை வேலை செய்யாது. அப்போது சர்வர் டேட்டாபேஸுக்கு மாறுவதே மேல். ஒரே மெஷினுக்குள் என்றால் எஸ்கியூலைட் தாராளமாகப் போதும். ஃபெடோரா லினக்ஸ் 33-இல் பேக்கேஜ்களை நிறுவும் ஆர்பிஎம்மே பெர்க்லி டிபியை விட்டு அதற்குத்தான் மாறியது.

போஸ்ட்கிரெஸில் இரட்டைக் கீ பிழை வந்தால், ஆன் கான்ஃப்ளிக்ட் போட்டு அப்டேட் செய் என்று எழுதிவிடாதீர்கள். பிழை மறையும், அதோடு மேலெழுதலும் சத்தமில்லாமல் திரும்ப வந்துவிடும். டூ நத்திங் போட்டு, இருக்கும் பதிவின் ஹேஷைப் படியுங்கள். அதே ஹேஷ் என்றால் வெற்றி. வேறு என்றால் அந்தப் பில்டை உண்மையிலேயே தோற்கவிடுங்கள்.

"பேக்கப்பிலிருந்து மீட்ட பிறகு பதிவு இருக்கிறது, கோப்பு இல்லை"

டேட்டாபேஸும் கோப்புச் சேமிப்பிடமும் வெவ்வேறு நேரத்தில் பேக்கப் ஆகின்றன. இரண்டையும் ஒரே கணத்தில் நிறுத்தி எடுக்க வேண்டியதில்லை, வரிசை சரியாக இருந்தால் போதும். பதிவேற்றும்போது கோப்பு முதலில், பதிவு பிறகு. பேக்கப்பில் அதற்குத் தலைகீழ்: டேட்டாபேஸ் முதலில், கோப்புகள் பிறகு. கோப்புகள் மாறுவதும் இல்லை அழிவதும் இல்லை என்பதால், டம்பில் உள்ள ஒவ்வொரு பதிவுக்கும் கோப்பு கட்டாயம் இருக்கும். பதிவில்லாத கோப்புகள் சில மிஞ்சும்; அவை இடத்தை அடைப்பதைத் தவிர வேறு தொந்தரவு தராது.

மீட்ட பிறகு புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது ஐடி ஏற்கெனவே இருக்கிறது என்று பிழை வந்தால், சிஎஸ்வி மூலம் பதிவுகளை ஏற்றியிருக்கிறீர்கள், அடுத்த ஐடியைத் தரும் சீக்வென்ஸ் பழைய எண்ணிலேயே நிற்கிறது. டேபிளின் அதிகபட்ச ஐடியை எடுத்து செட்வால் கொடுத்துவிடுங்கள்.